நல்லா இருக்கறவங்க வேணும்

பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். கல்லூரிப் பிள்ளைகள் என் வாய்க்குப் பயந்து வரிசையில் நிற்பார்கள். "அக்கா, கொஞ்சம் சீக்கிரம்" என்று எவனாவது வாயைத் திறந்தால் அவனைத்தான் கடைசியாக அனுப்புவேன். என் சுபாவம் அப்படி. மாற்றிக்கொள் என்று யாரும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அவர்களுக்கும் இரண்டு திட்டு விழுந்திருக்கும்.

கடைக்கு அடிக்கடி வருகிறவர்களில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. மனநலப் பிரிவில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். இப்போது படிப்பை முடித்துக்கொண்டு வேறு ஊரில் வேலை பார்க்கிறார். அப்போதெல்லாம் கட்டுக் கட்டாகத் தாளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாடிய முகத்தோடு கடை வாசலில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் மட்டும் நான் கொஞ்சம் தணிந்து பேசுவேன்.

ஒருநாள் கேட்டார். "அக்கா, என் ஆராய்ச்சிக்கு நல்லா இருக்கறவங்க வேணும். நீங்க வர்றீங்களா?"

"நல்லா இருக்கறவங்களுக்கு எதுக்குங்க ஆஸ்பத்திரி?"

அவர் விளக்கினார். மனச்சோர்வு வந்தவர்களுக்குத் தலையில் காந்தம் வைத்து ஒரு வைத்தியம் இருக்கிறது. கரண்ட் ஷாக் இல்லை, மயக்க மருந்து இல்லை, வலியும் பெரிதாக இல்லை. சிலருக்கு அது நன்றாகக் கேட்கிறது. ஆனால் ஒரு நோயும் இல்லாதவர் தலையில் அதை வைத்தால் மனசு என்ன ஆகும்? எதிரில் இருப்பவரின் சோகமும் கோபமும் முன்போலவே தெரியுமா, கூடுமா, குறையுமா? அதைத்தான் பார்க்கிறாராம். நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை, நல்லா இருக்கிறவர்கள்தான் கிடைக்கவில்லை என்றார். மனநல வார்டு மாடிப்படியில் ஏறுவதை யாராவது பார்த்துவிட்டால் ஊரில் பைத்தியம் என்று பெயர் வைத்துவிடுவார்களே என்று ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லி நழுவிவிடுகிறார்களாம்.

"நான் நல்லா இருக்கேன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்றேன்.

சிரித்தார். எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது என்னால் போக முடியாது. பின்னறையில் அம்மா கிடந்தாள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு அடியோடு போய்விட்டது. எனக்கு ஒரே தம்பி. விக்கிரமங்கலம் பக்கத்தில் எங்கள் பிறந்த வீட்டில் இருக்கிறான். ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. "பெரிய ஆஸ்பத்திரி ஒன் வூட்டுக்கு எதுத்தாப்புல இருக்கு. அம்மா அங்கயே இருக்கட்டும்க்கா" என்றான். சரி என்று நானும் தலையாட்டினேன். நான் தலையாட்டியதோடு அவன் கடமை முடிந்தது. ஆரம்பத்தில் வாராவாரம் வந்தான், பிறகு மாதம் ஒருமுறை, கடைசி ஆறு மாதம் போன் மட்டும்தான்.

அம்மாவுக்கு விழுங்குவதுதான் பெரிய பாடு. தண்ணீராக எதைக் கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கஞ்சியைக் களி பதத்துக்குக் கெட்டியாகக் கரைத்து, தலையைத் தூக்கி வைத்து, ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டி, விழுங்கினாளா என்று தொண்டையைப் பார்த்து, அடுத்த ஸ்பூன். கடையில் ஆள் நின்றுகொண்டு "அக்கா" என்று கூப்பிடும். இந்தப் பக்கம் கஞ்சி வழியும். நான் கத்துவேன். கடைக்கு வருகிற பையன்களிடம் கத்துவதைவிட அதிகமாக அம்மாவிடம்தான் கத்தினேன். "முழுங்கித் தொலையேன்" என்பேன். புரட்டிப் போடும்போது, துடைத்துவிடும்போது, துணி மாற்றும்போது எல்லாம் என் கையும் மெதுவாக இருந்ததில்லை. முதுகு விட்டுப்போகும் வேலை அது, செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

அதைவிட எனக்கு எரிச்சல் மூட்டியது அவள் கண். நான் அறைக்குள் நுழைந்தால் போதும், இரண்டு கண்ணையும் அகல விரித்து என்னையே பார்ப்பாள். இமை கொட்ட மாட்டாள். தம்பி வந்தால் அதே கண்ணில் பொலபொலவென்று நீர் வழியும். அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். ராத்திரி பகலாகப் பார்க்கிறவள் நான், என்னைக் கண்டால் முறைப்பு. எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவனுக்குக் கண்ணீர். எனக்கு வயிறு எரியும். "ஏன் மொறைக்கிற, நான் ஒனக்கு என்ன கொற வச்சேன்" என்று கேட்பேன். பதில் எங்கே வரும். பிறகு பிறகு, குளிப்பாட்டும்போது அவள் முகத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வேலை பார்க்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பார்வை படாமல் இருந்தால் வேலை சீக்கிரம் ஓடும்.

கடைசியில் சளி கட்டிக்கொண்டு, இனி நாள் கணக்குதான் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். தம்பிக்குச் சொன்னேன். மறுநாளே வேனை எடுத்துக்கொண்டு இரண்டு பங்காளிகளோடு வந்து நின்றான்.

"மகன் உசுரோட இருக்கயில பொண்ணு வூட்டுல கட்டை விழுந்தா ஊர்ல என்னக்கா பேசுவான்? நான் கொண்டு போறேன்."

எங்கள் பக்கம் அப்படித்தான். வருஷக்கணக்கில் மகள் பார்க்கலாம், உயிர் மட்டும் மகன் வீட்டில் போக வேண்டும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் தடுக்கவில்லை. "கெட்டியாத்தான் குடுக்கணும். தண்ணியா எதையும் வாயில ஊத்தாத, பொறை ஏறிடும்" என்று அவனுக்கு இரண்டு தடவை சொன்னேன். "தெரியும்க்கா, தெரியும்க்கா" என்றான். வேனில் தூக்கி வைக்கும்போது கிட்டப் போய் அம்மாவின் புடவையைச் சரி செய்தேன். அப்போதும் கண்ணை விரித்து அதே பார்வைதான். போகிறபோதாவது ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே வேன் கதவைச் சாத்தினேன்.

அம்மாவைத் தம்பி கொண்டுபோன பிறகு கை சும்மா இருந்தது. பின்னறைக்குள் போகப் பிடிக்கவில்லை. டாக்டரம்மா வந்தபோது நானாகவே, "ஒங்க ஆராய்ச்சிக்கு ஆள் கெடச்சாச்சா?" என்று கேட்டேன். அவருக்கு வாயெல்லாம் பல். வலிப்பு உண்டா, தலையில் இரும்பு ஏதாவது இருக்கிறதா, மாத்திரை சாப்பிடுகிறேனா என்றெல்லாம் விசாரித்தார். எதுவும் இல்லை. முழுசாக நல்லா இருக்கிறவள் என்று முடிவாயிற்று.

மாடியில் ஒரு சின்ன ஏசி அறை. பல் டாக்டரிடம் இருப்பதுபோல் சாய்வு நாற்காலி. உட்காரும் முன்பே டாக்டரம்மா ஒன்றைச் சொன்னார். "அக்கா, காந்தம் வர்ற கருவிக்குக் காயில்னு பேரு. சில பேருக்கு நெஜ காயில் வைப்போம், சில பேருக்குப் போலி. ரெண்டும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. வேற ஒருத்தர் மாத்தி வச்சிருப்பாரு." நான் காதில் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதலில் பழகிக்கொள்ள ஒரு சுற்று. கம்ப்யூட்டரில் முகங்கள் வரும். யாரென்றே தெரியாத ஆணும் பெண்ணும், கண் மூடித் திறப்பதற்குள் வந்து மறையும். சந்தோஷம், சோகம், கோபம், பயம் என்று நாலு பொத்தான். பார்த்ததும் அமுக்க வேண்டும். நான் வேகமாக அமுக்கித் தள்ளினேன். தினமும் நூறு முகத்தோடு மல்லுக்கு நிற்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

டாக்டரம்மா தயங்கிச் சொன்னார். "அக்கா, மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு. பயந்த முகம் வந்தா மட்டும் நீங்க கோபம்னே அமுக்குறீங்க."

"கண்ண இப்படி உருட்டிக்கிட்டுப் பாத்தா அது கோவம் இல்லாம வேற என்னங்க?"

"பரவால்லக்கா. ஒங்களுக்குத் தோணுறத அமுக்குங்க. தப்பு சரின்னு ஒண்ணும் இல்ல" என்றார்.

பிறகு காதில் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்தார். எட்டு போல் வளைந்த தட்டையான காயிலைத் தலையின் பக்கவாட்டில் வைத்து எதையோ தேடினார். 'டக்' என்று ஒரு அடி. என் வலது கைக் கட்டை விரல் தானாகத் துள்ளியது. நான் அசைக்கவில்லை. மறுபடி டக், மறுபடி துள்ளல். என் விரலை எவனோ உள்ளிருந்து இழுப்பதுபோல் இருந்தது. அதன் பிறகு காயிலை மாற்றி, நெற்றிக்கு மேலே இடது பக்கமாக வைத்தார்கள். டக் டக் டக் என்று விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது. முடிந்ததும் மறுபடியும் முகங்கள். இந்த முறை எல்லா முகமும் என் கடையில் எடுக்கிற பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருந்தன. என்னவோ அமுக்கினேன்.

வெளியே வந்து, கொடுத்து வைத்திருந்த போனை வாங்கினேன். தம்பி பலமுறை கூப்பிட்டிருந்தான். திரும்பக் கூப்பிட்டேன்.

"அக்கா, அம்மா போயிடுச்சுக்கா" என்றான். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான்.

மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். நான் செய்த முதல் காரியம் நீளமாக ஒரு மூச்சு விட்டது. நெஞ்சுக்குள் எதுவும் அடைக்கவில்லை. "எத்தன மணிக்கு எடுக்குறீங்க?" என்று கேட்டேன்.

கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன். கணவர் ஆந்திரா பக்கம் லோடு ஏற்றப் போயிருந்தார், வந்து சேர முடியாது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி மாலை வாங்கிக்கொண்டு டவுன் பஸ் பிடித்தேன். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள், கருவேல மரம் வரைக்கும் வெள்ளைப் புழுதி. அழுகை வரும், ஊர் எல்லை வந்தால் வரும் என்று காத்துக்கொண்டே போனேன்.

எங்கள் ஊரில் தாய் செத்தால் மகள் தெருமுனையிலேயே அழ ஆரம்பித்துவிட வேண்டும். தலையை அவிழ்த்து விட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு, "என்னப் பெத்த தாயே" என்று குரல் கொடுத்தபடி வர வேண்டும். அந்தக் குரலைக் கேட்டதும் வீட்டுப் பெண்கள் எழுந்து எதிரே ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். கட்டி அழுது, வட்டமாகத் தோளில் தோள் சேர்த்துச் சுற்றி, அதன் பிறகுதான் மகளைப் பிணத்துக்கிட்டே விடுவார்கள். மகள் வந்து அழாமல் தூக்க மாட்டார்கள். மேளக்காரர்கள்கூட அடிப்பதை நிறுத்தி மகளின் குரலுக்கு வழி விடுவார்கள்.

நான் தெருமுனையில் நின்றேன். மேளம் நின்றது. பந்தலுக்குள் இருந்த அத்தனை முகமும் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. சும்மா நடந்து போனேன். கையில் மாலையோடு, யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவள்போல நடந்து போனேன். எழுந்து ஓடிவந்த பெண்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள். யாரை எப்படிக் கட்டிக்கொள்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் தம்பி பெண்டாட்டிதான் சமாளித்துக்கொண்டு என் கழுத்தைக் கட்டி ஓங்கி அழுதாள். என் தோள் நனைந்தது, என் கண் நனையவில்லை.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார வைத்தார்கள். கண்ணை மூடி, தாடையைக் கட்டியிருந்தார்கள். என் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புடவைக்குள் கையை விட்டு என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அழுவுடி. ஊரே பாக்குது. வாய வுட்டு அழுவு."

வலித்தது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. வாய்க்கரிசி போடும்போதும் வரவில்லை. தம்பி கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கத்திய கத்தலில் கல்லும் கரைந்திருக்கும். அவனை நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் தெருவில் நின்று, பாடை திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். "ரெண்டு வருசம் பீ மூத்திரம் அள்ளுனவளா இவ? கல்லு மாதிரி நிக்கிறா" என்று பின்னால் யாரோ சொன்னது நன்றாகவே கேட்டது.

சாயங்காலம் அத்தை விடவில்லை. "ஒனக்கு என்னடி வந்துச்சு? பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீரு கெடையாதா?"

அப்போதுதான் எனக்கு அது தட்டுப்பட்டது. "இன்னிக்குக் காலைல ஆஸ்பத்திரியில என் தலையில காந்தம் வச்சாங்க, அத்தை. ஆராய்ச்சிக்கு. மனசு எப்படி வேல செய்யுதுன்னு பாக்க. அதுலதான் எனக்கு அழுவயே வரல போல."

சொன்ன மாத்திரத்தில் எனக்கே ஒரு பாரம் இறங்கியது. அதுதானே காரணம். கட்டை விரல் துள்ளியதை என் கண்ணால் பார்த்தேனே. விரலை அசைக்கிற மெஷினுக்குக் கண்ணீரை அடைக்கத் தெரியாதா? நான் நம்பினேன். ஊராரும் நம்பினார்கள். ஆனால் விடிவதற்குள் அவர்கள் வாயில் அது வேறு உருவம் எடுத்துவிட்டது. மண்டையில் கரண்ட் வைத்துவிட்டார்களாம், மனநல வார்டில் படுக்க வைத்து மூளையை அடித்துவிட்டார்களாம். தம்பி என் எதிரே வந்து உட்கார்ந்தான். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு.

"எவ அவ? எங்கம்மா சாவுற அன்னிக்கு எங்கக்கா மண்டையில கரண்ட் வச்சவ எவ?" என்று கேட்டான். கரண்ட் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பெரம்பலூர் திரும்பியதும், அம்மாவின் கருமாதிக்குப் போஸ்டர் அடிக்கிற வேலை என் தலையில்தான் விழுந்தது. ஊரில் யார் செத்தாலும் நான் செய்து கொடுக்கிற வேலை. அம்மாவின் ஆதார் படத்தைப் பெரிதாக்கி, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி, சுற்றிலும் பூ வைத்து, மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் அடித்தேன். எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். பிரிண்ட் எடுத்தேன். அப்போதும் ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை, காந்தம் இன்னும் இறங்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டொரு நாளில் தம்பி ஆட்களோடு கல்லூரிக்கு வந்தான். கல்லூரி வாசலில் நின்று அவன் போட்ட சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. போலீசுக்குப் போவேன், கலெக்டரிடம் போவேன், டிவிக்காரனைக் கூட்டி வருவேன் என்றான். டாக்டரம்மா வெளியே வந்து ஏதோ சொல்லக் கையெடுத்தார், அவன் பேச விடவில்லை. ஆராய்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று சாயங்காலம் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். நான் கடையை விட்டு இறங்கவே இல்லை. இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்த மெஷின் குற்றவாளியாக இருப்பது தேவையாக இருந்தது.

கருமாதிக்கு முதல் நாள் டாக்டரம்மா கடைக்கு வந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. துக்கம் கேட்டார். பிறகு சொன்னார்.

"அக்கா, ஒங்க தம்பி புகார் குடுத்ததால, ஒங்களுக்கு மட்டும் எந்தக் காயில்னு பிரிச்சுப் பாக்கச் சொல்லிட்டாங்க. ஒங்களுக்கு வச்சது போலிக்கா. வெறும் சத்தம் மட்டும்தான். காந்தம் ஒங்க மூளைக்கே போவல."

"பொய் சொல்லாதீங்க. என் வெரலு துள்ளுச்சு."

"வெரலுக்கு வச்சது நெஜ காயில்க்கா. அது அளவு பாக்கறதுக்கு, ரெண்டு மூணு தட்டு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் நெத்திக்கு மேல வச்சது போலி. நெஜமாவே இருந்திருந்தாலும் அன்னிக்குக் கொஞ்ச நேரம்தான் ஏதாச்சும் தெரியும். இத்தன நாளெல்லாம் நிக்காது."

"அப்ப எனக்கு ஏன் அழுவ வரல?"

கேட்டது என் குரல் மாதிரியே இல்லை. "ரொம்ப நாளாப் பாத்துக்கிட்டவங்களுக்குச் சில நேரம் ஒடனே வராதுக்கா" என்று ஏதோ ஆரம்பித்தார். "போதும், போங்க" என்றேன். எழுந்து போனார். தம்பியிடம் சொல்லுங்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எரிந்து விழுந்து அனுப்பியிருப்பேன், எனக்கும் சுலபமாகப் போயிருக்கும்.

ராத்திரி முழுக்க யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெயர் கெடாது. பாவம், மெஷின் வைத்துவிட்டார்கள் என்று உச்சுக் கொட்டுவார்கள். அந்தப் பெண்ணின் படிப்புதான் வீணாகும்.

கருமாதி அன்று காரியமெல்லாம் முடிந்து, பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் தம்பிக்குத் தலைப்பாகை கட்டி முடித்திருந்தார். தம்பி அவரிடம், வக்கீலைப் பார்த்துவிட்டேன், அந்த டாக்டரை விடப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த மெஷினு எனக்கு ஓடவே இல்லடா" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். போலி, வெறும் சத்தம், என் தலைக்குள் எதுவும் போகவில்லை.

தம்பி என் பக்கம் திரும்பினான். "அப்ப நீ ஏன்க்கா அழுவல?" என்றான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய் என்றைக்கு நின்றது? "எனக்கு நிம்மதியா இருந்துச்சுடா. நீ போன் பண்ணி அம்மா போயிடுச்சுன்ன. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமே தோணல."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமா தொண்டையைச் செருமி, இலை போடச் சொன்னார். எனக்கு ஒரு இலை போட்டார்கள். என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. தனியாகச் சாப்பிட்டேன். கருமாதியில் பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குச் சேலை வைத்துக் கொடுப்பார்கள். அதை யாரும் எடுத்து வரவில்லை, நானும் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஒன்றும் பேசாமல் ஏற்றிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டான். திட்டப் போகிறான், இனிமேல் இந்த வாசல்படி மிதிக்காதே என்று சொல்லப் போகிறான் என்று தயாராக நின்றேன். அவன் வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே இறங்கினான்.

"அக்கா, நான் பால் ஊத்துனேன்" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்குக் காலைல இழுத்துக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் பாலு ஊத்துடா, பெத்த மகன் கையால ஊத்துடான்னாங்க. நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சுக்கா. இருந்தும் ஊத்துனேன். பொறை ஏறிடுச்சு. கண்ணு ரெண்டும் பிதுங்கிக்கிட்டு வந்துச்சு. அதுலயே போயிடுச்சு. நான்தான்க்கா. யார்கிட்டயும் சொல்லல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். இரண்டு கண்ணும் அகல விரிந்து, இமை கொட்டாமல், என் வாயையும் கையையும் மாறி மாறிப் பார்த்தது அந்தப் பார்வை. நான் கத்துவேனா, கை ஓங்குவேனா என்று பார்க்கிற பார்வை. நாற்பது வயது ஆம்பளை, தலைப்பாகைத் துணிகூட இன்னும் கழுத்தில் கிடக்கிறது. கல்லூரி வாசலில் போட்ட சத்தமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. அவன் முகத்தில் கோபம் இல்லவே இல்லை. பயம்.

"ஒன்னால இல்லடா. டாக்டருங்களே கைவிரிச்சதுதானே. போ. புள்ளைங்கள பாரு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக, மெதுவாக இருந்தது. பஸ் வந்தது. அவன் என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவன் கண் என்னை விடவில்லை. அந்தக் கண்ணை எனக்கு முன்பே தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். நான் அறைக்குள் நுழைந்ததும் விரிகிற கண், கஞ்சி ஸ்பூனோடு நான் குனியும்போது என் கையையே பார்க்கிற கண், வேனில் ஏற்றும்போது கடைசியாகப் பார்த்த கண். முறைப்பு, முறைப்பு என்று நான் அமுக்கிக்கொண்டே இருந்தது அதைத்தான். துண்டைப் போட்டு மூடியதும் அதைத்தான்.

அரியலூரில் பஸ் மாறி, ஊர் தாண்டியதும் எனக்கு அழுகை வந்தது. தெருமுனையில் வராத குரல் பஸ்ஸுக்குள் வந்தது. முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டாள்.

"எங்கம்மாங்க" என்றேன்.

"வயசானவங்களா? ஒன்மேல ரொம்பப் பாசமா இருந்தாங்களா?"

"எங்கம்மாவுக்கு என்னப் பாத்தா பயம்ங்க" என்றேன்.